தெரியும்னு சொல்லாதே

போன மாதப் பயிலரங்கு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மாணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டக் கல்லூரியில் படிக்கிறவர். அவருடைய அப்பா பேருந்து நிலையத்துச் சுவரோரம் சாக்கை விரித்துச் செருப்புத் தைக்கிறார். மாணவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள். பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றிய விவரம். வடக்கே வேலைக்குப் போன சொந்தக்காரர் யாரோ கொடுத்தனுப்பியதாம்.

"தோழர், பரம்பரைத் தொழில்ல இருக்கறவங்களுக்குப் பயிற்சி தர்றாங்க, கருவி வாங்கப் பணம் தர்றாங்க, கடன் தர்றாங்க. நம்ம தொழிலுக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வருது. இதை நம்ம ஏன் எதுக்கறோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார்: "உங்க தாத்தாவும் தோல் வேலை செஞ்சவர்னு சொன்னீங்களே. நீங்க ஏன் அதைக் கத்துக்கலே? வெக்கமா?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உலகமயம், இந்துத்துவம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். அவரும் தலையாட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கேட்டது தாத்தாவைப் பற்றி. நான் சொன்னது அறிக்கை. அதனால் இந்தத் தலையங்கம் அவருக்கான பதில். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கத்துக்கிட்டேன். முதல்ல அதைச் சொல்லிடணும்.

என் தாத்தா காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு ஊரில் கவலைத் தோல் தைத்தவர். இன்றைய பிள்ளைகளுக்குக் கவலை என்றால் மனக்கஷ்டம் மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் அது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஏற்பாட்டின் பெயர். தெற்கே கமலை என்பார்கள். (பேர் வெச்சவன் பண்ணையாளாத்தான் இருந்திருப்பான் என்று தாத்தா சிரிப்பார்.) கொங்குச் சீமையில் மழை குறைவு, கிணறுகள் ஆழம். தோட்டங்கள் பச்சையாக நின்றது இந்தக் கவலையை நம்பித்தான். இரும்புச் சால் ஒன்று. அதன் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும், அதுதான் வால். சாலைத் தூக்குவது வடம். வாலின் வாயைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவது வால்கயிறு. சால் கிணற்றுக்குள் இருக்கும்போது வால் மடிந்து மேல்நோக்கி நிற்கும், தண்ணீர் வெளியே போகாது. சால் மேலே வந்ததும் வால்கயிறு அந்த வாயைத் தொட்டிப் பக்கம் இழுத்துவிடும், தண்ணீர் கொட்டும். மாடு ரெண்டும் சரிவில் இறங்கினால் சால் ஏறும், பின்னால் வந்தால் சால் இறங்கும். விடியக்காலம் மூணு மணிக்குக் கட்டினால் வெயில் ஏறுகிறவரைக்கும் இதே நடை.

அந்த வாலில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு தடவை மடியணும், வெடிக்கக் கூடாது. தண்ணியிலேயே கிடக்கணும், அழுகக் கூடாது. தையல் வழியாக் கசியக் கூடாது.

செத்த மாட்டைத் தூக்கி வருவதில் தொடங்குகிற வேலை அது. தோலை உரித்து, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, உள்பக்கத்துக் கொழுப்பை வழித்து, சுண்ணாம்பு போகக் கழுவவேண்டும். அப்புறம் ஆவாரம்பட்டை. தோலைப் பை மாதிரித் தைத்து, இடித்த பட்டையை உள்ளே திணித்துத் தண்ணீர் ஊற்றி, வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் சொட்டுகிற சாற்றைச் சட்டியில் பிடித்து மறுபடி மேலே ஊற்றவேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பிக் கட்டவேண்டும். கடுக்காய்ச் சாறு, எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் கடைசியில். இத்தனை நாள் ஆகும் என்று தாத்தா கணக்குச் சொன்னதே இல்லை. ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பார்ப்பார். வெட்டின முகத்தில் நடுவாலே வெளுத்த கோடு ஓடினால் சாறு இன்னும் உள்ளே இறங்கவில்லை. "இன்னம் பச்சையாக் கெடக்குது" என்று திரும்பக் கட்டிவிடுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது துரோகம். தாத்தா வேலை, தாத்தா வேலை என்று நான் எழுதுகிறேனே, அதில் பாதி என் பாட்டியின் வேலை. காட்டில் ஆவாரஞ்செடி வெட்டி வந்தது பாட்டி. பட்டையை உரித்து உரலில் இடித்தது பாட்டி. ஊர்க் கிணற்றில் எங்களுக்கு இடம் கிடையாது. தோல் கழுவப் பாறைக்குழியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததும் பாட்டிதான். களத்தில் தானியம் அளக்கும்போது அது தாத்தா பேருக்கு. நாற்றம் மட்டும் ரெண்டு பேருக்கும் சரிபாதி. இன்றைக்கும் கைத்தொழிலைப் பற்றி எழுதுகிற கட்டுரைகளில் "அவன் கையில்" என்றுதான் இருக்கிறது. நானும் அப்படியே எழுதியவன்தான்.

தாத்தா எனக்குத் தோலைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதுகுத் தோல் இறுக்கம், வயிற்றுத் தோல் இழுபடும். கழுத்தில் நுகத்தடி தேய்த்த இடம் காய்த்துப்போயிருக்கும், அதைத் தையல் வரும் இடத்தில் போடக்கூடாது. உண்ணி கடித்த பொத்தல், சூடு போட்ட தழும்பு எல்லாம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். ஒரு நாள் ஒரு தோலை விரித்துப்போட்டு என் விரலைப் பிடித்துப் பின்பக்கமாகத் தடவ வைத்தார். மேடும் பள்ளமுமாக இருந்தது. தார்க்குச்சி குத்தின தழும்புகள். எந்த வீட்டு மாடு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "இந்தப் பண்ணாடி மாட்டயும் இப்படித்தான், ஆளயும் இப்படித்தான்."

அந்தத் தார்க்குச்சியில் கட்டுகிற வாரையும், சாட்டை வாரையும் வெட்டிக் கொடுத்தது தாத்தாதான். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

செருப்பும் தைப்பார். பண்ணாடி காலைத் தொட்டு அளவெடுக்க முடியாது. தீட்டு! பண்ணாடி புழுதியில் கால் பதித்துவிட்டு நகர்ந்துகொள்வார். தாத்தா குந்தி உட்கார்ந்து அந்தத் தடத்தை ஈர்க்குச்சியால் அளப்பார். நீளத்துக்கு ஒரு குச்சி, அகலத்துக்கு ஒரு குச்சி. அப்படித் தைத்த செருப்பு ஒரு தடவையும் கடிக்காது. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடந்த தெருவில் தாத்தா வெறுங்காலோடு நடந்தார். நடவுக்குப் போன என் அத்தை ஒருமுறை செருப்போடு ஊருக்குள் போய்விட்டு, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை.

இப்போது அந்தச் சாம்பல் விஷயத்துக்கு வருகிறேன்.

வால் தைத்து முடிந்ததும் அதன் வாயைக் கட்டி, தண்ணீர் நிரப்பி, ராத்திரி முழுக்க மரத்தில் தொங்கப்போடுவார். அடியில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்பிவிடுவார். விடிந்ததும் முதல் வேலை சாம்பலைப் பார்ப்பது. ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் அந்தத் தையலைப் பிரித்துவிடுவார். இத்தனை நாள் வேலையை இப்படிப் பிரிக்கிறாரே என்று எனக்கு அழுகை வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "ஏந் தாத்தா, ஒரு சொட்டுதான? பண்ணாடிக்குத் தெரியவா போகுது?"

"பண்ணாடிக்குத் தெரியாது கண்ணு. மாட்டுக்குத் தெரியும்" என்றார்.

புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். பொறுமையாகச் சொன்னார். வால் ஒழுகினால் இழுத்த தண்ணியில் ஒரு பங்கு கிணற்றுக்குள்ளேயே விழும். பாத்தி நிறைகிறவரைக்கும் கவலை ஓட்டித்தான் ஆகணும். அப்போ கூட நடக்கிறது யாரு? மாடு. மாட்டுக்குப் பின்னாலே மூணு மணியில் இருந்து நடக்கிறது யாரு? "உங்க பெரியப்பன். அவன் காலு கூட நாலு நட நடக்கோணும். நான் கசிய உட்டா பண்ணாடிக்கு என்ன நட்டம்? அவங்க கட்டல்ல படுத்திருக்கறாங்க."

தோழர்களே, தொழில் நேர்த்தி என்பதற்கு எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன். கடவுளுக்குப் படைப்பது மாதிரி வேலை செய்யணும் என்கிறார்கள். முன்னோர்கள் பேரைக் காப்பாற்றணும் என்கிறார்கள். எஜமான விசுவாசம் என்கிறார்கள். தாத்தா இதில் எதையும் சொல்லவில்லை. தன் வேலையின் குறையை யார் உடம்பு சுமக்கும் என்று பார்த்தார். அந்த உடம்பு பண்ணாடியுடையது இல்லை. வாயில்லாத மாடும் கூலியில்லாத பண்ணையாளும்தான். பண்ணையத்துக்குள்ளேயே, பண்ணாடிக்குத் தெரியாமல், ஒரு சக்கிலியர் இன்னொரு சக்கிலியருக்குச் செய்த உதவியாக இருந்தது அந்த ஒழுகாத தையல். இதை எந்த ஆய்வேட்டிலும் நான் பார்க்கவில்லை.

அந்த நேர்த்திக்குக் கூலி என்ன? வருஷத்துக்கு ஒருமுறை களத்து மேட்டில் சில வள்ளம் கம்பு, சோளம். அதுவும் தூற்றின பிறகு அடியில் தங்கினது. நல்லாத் தெச்சா ஒரு வள்ளம் கூட உண்டா? கிடையாது. மோசமாத் தெச்சா? வசவும் அடியும் உண்டு.

இனி, அந்த மாணவர் கேட்ட கேள்வி.

1972 வாக்கில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோயமுத்தூருக்கு வந்துவிட்டது. எங்கள் காட்டுக் கிணறுகளுக்கு மோட்டார் 1960களில்தான் பரவியது. பாதிக் கிணற்றில் கவலை நின்றுபோயிருந்த காலம். ஒரு சாயங்காலம் வளவுக்கு வெளியே மரத்தடியில் நான் குத்தூசியும் வாருமாக ஒரு பழைய வாலைத் தைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் தாத்தா என் தையலை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "என்ற கையாட்டமே இருக்குது" என்று சொல்லியிருந்தார். அவர் அப்படியெல்லாம் லேசில் சொல்கிறவர் இல்லை. அந்த மிதப்பில் இருந்தேன். செத்த மாட்டுக்கு ஆள் சொல்ல வந்த ஒரு பண்ணாடி நின்று பார்த்தார். "பரவால்லயே, உன்ற பேரனுக்குக் கை நல்லா வருதே. இன்னமேலு எங்க தோட்டத்து வேலக்கெல்லாம் இவன அனுப்பு" என்றார்.

தாத்தா ஓடிவந்து என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினார். "அவனுக்கு ஒரு எழவும் வராதுங்க சாமி. மடப்பய. தோலக் கெடுத்துப்போட்டான் பாருங்க" என்று நான் தைத்த இடத்தைக் கத்தியால் கிழித்தே காட்டினார். என் முதுகில் ஒரு அடியும் விழுந்தது. பண்ணாடி சிரித்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. தாத்தாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்லாத்தான் தெச்சிருந்த" என்றார். "தெரிஞ்சு வெச்சுக்கோ. ஆனா ஊர்க்காரன் கேட்டா தெரியும்னு சொல்லாத. தெரியும்னு சொன்னீனா நாளைக்கே கூப்புட்டு உடுவாங்க. பள்ளிக்கோடத்து வாசல்ல வந்து நின்னு கூப்புடுவாங்க."

அப்படியானால் எனக்கு ஏன் சொல்லிக்கொடுத்தார்? அன்றைக்கே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு வேற என்ன தெரியும், உனக்குக் குடுக்க?" என்றார்.

ஒரு மனிதன் தனக்குத் தெரிந்ததைப் பேரனுக்குக் கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததை ஒளித்துவைக்கச் சொல்லவும் வேண்டும். சாதி ஒரு கைத்தொழிலை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சியம் தேவைப்படவில்லை. சாதி என்பது வேலையைப் பங்கிடுவதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைத்தது என்று 1936-ல் அம்பேத்கர் எழுதினார். நான் அதைக் கல்லூரியில் படித்தபோது ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் படிப்பது மாதிரி இருந்தது.

அதே 1936-ல் காந்தி அதற்குப் பதில் எழுதினார். முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதுதான் வர்ண தர்மம் என்பது அவர் வாதம். அம்பேத்கர் சும்மா விடவில்லை. பனியாவாகப் பிறந்த காந்தி தராசைப் பிடித்தாரா, அவர் பிள்ளைகள் பிடித்தார்களா என்று திருப்பிக் கேட்டார்.

காந்தியும் செருப்புத் தைத்தவர்தான். தென்னாப்பிரிக்கச் சிறையில் தைத்த ஒரு ஜோடியை 1914-ல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல வருஷம் போட்டுப் பார்த்துவிட்டு, 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு ஜோடிச் செருப்பு வரலாறு ஆகிவிட்டது. எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. வக்கீல் ஒருவர் செருப்புத் தைத்தது நல்ல காரியம்தான். அவர் வேண்டும்போது ஊசியை எடுக்கலாம், வேண்டாதபோது கீழே வைக்கலாம். அதனால்தான் அது கைத்திறன். என் தாத்தா தைத்தது எத்தனை நூறு ஜோடி! ஒன்றுகூட எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. அவரால் கீழே வைக்க முடியவில்லை, அதனால் அது தலைவிதி.

கீழே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்காதீர்கள் என்று அம்பேத்கர் சொன்னபோது, உங்களுக்குத்தானே வருமானம் போகும் என்று பத்திரிகைகளில் அக்கறையாக எழுதினார்கள். 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில் பேசும்போது அவர் இதை நினைவுபடுத்தினார். அவ்வளவு லாபமான தொழில் என்றால் நீங்களே செய்யுங்கள், அதற்கு மேலும் ஐநூறு ரூபாய் நான் தருகிறேன் என்று தான் சவால் விட்டதைச் சொன்னார். யாரும் வரவில்லை. அறுபது வருஷம் கழித்து, 2016 ஜூலையில், குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். செய்யாவிட்டாலும் அடி, செய்தாலும் அடி. அங்கே நம் ஆட்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் போட்டுவிட்டு வந்தார்கள். தாத்தா இருந்திருந்தால் அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பார்.

நம்ம ஊரிலும் நடந்தது. 1953-ல் ராஜாஜி கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் தெருவுக்கு இழுத்தார். 1954-ல் ராஜாஜி போய் காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது. என் சித்தப்பாவுக்கு அப்போது எட்டு வயது. "பண்ணாடி சொல்றது பத்தாதுன்னு சர்க்காரும் அதையே சொல்லுச்சு" என்று தாத்தா பின்னாளில் சொல்வார்.

இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைப் பார்த்ததும் மூக்கில் வாடை அடிப்பது இயல்பு. 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கியது. 18 தொழில்கள். செருப்புத் தைப்பது உண்டு, முடிவெட்டுவது உண்டு, துணி வெளுப்பது உண்டு. கருவிக்கு 15,000 ரூபாய், முதலில் ஒரு லட்சம், பிறகு ரெண்டு லட்சம் கடன், வட்டி 5 சதவீதம். பணம் நல்ல பணம்தான், அதில் சாதி இல்லை. சாதி இருப்பது வாசற்படியில். குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாக இருக்கவேண்டும் என்கிறது. வயது 18 ஆனால் போதும் என்கிறது. பதினெட்டு என்பது என்ன வயது? பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வயது! அந்தச் சமயம் பார்த்து, "உன்ற பேரனுக்குக் கை நல்லா வருதே" என்று ஒருவர் வந்து நிற்கிறார். இந்தத் தடவை கையில் லட்ச ரூபாயோடு.

குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு கேட்கவில்லை. 2024 நவம்பரில் இந்த வடிவத்தில் செயல்படுத்த மாட்டோம் என்று முதலமைச்சர் கடிதம் எழுதினார். 2025-ல் சாதி அடிப்படை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. அரசுகளைப் பாராட்டுவது இந்தப் பக்கத்தின் வழக்கம் இல்லை. ஆனால் இதில் அவர்கள் கேட்டது சரியான கேள்வி.

கைத்தொழில் அழிகிறதே என்று அழுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வந்து கவலை நின்றபோது என் தாத்தாவின் தொழில் சில வருஷத்தில் செத்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாகப் போன காலம் ஒன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் தோல் பதனிடும் சோதனை நடத்தினார். கவலைக்குத் தோதான தோல் கிடைக்குமா என்பதும் அவர் தேடியதில் ஒன்று. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோல் லாபம் தரும் என்றானதும் அது விஞ்ஞானம் ஆயிற்று, ஏற்றுமதி ஆயிற்று. தொட்டால் தீட்டு என்றவர்கள் கம்பெனி வைத்தார்கள். தாத்தாவை யாரும் கூப்பிடவில்லை, நஷ்ட ஈடும் இல்லை, எந்தப் பண்பாட்டு மாநாடும் கூடி அழவில்லை. அவரும் அழவில்லை. கடைசிக் கவலை நின்ற அன்று வடத்தை அவிழ்த்து வந்து பாட்டிக்குத் துணி காயப்போடக் கொடி கட்டினார்.

அப்பா நகராட்சிக்குத் துப்புரவு வேலைக்குப் போனார். தோலை விட்டோம், மலக்குழிக்கு வந்தோம். அங்கேயும் நேர்த்தி உண்டு. சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்பதை மேலே நின்று தண்ணீர் போகிற சத்தத்திலேயே அப்பா சொல்வார். பெரிய திறமைதான். அதைப் பாதுகாக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம், செத்தால் பத்து லட்சம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம், அது பத்தாது முப்பது லட்சம் என்று 2023-ல் மறுபடி உச்சநீதிமன்றம். அதற்குப் பிறகும் இறங்குகிறார்கள். விஸ்வகர்மா பட்டியலில் துடைப்பம் செய்கிறவர் இருக்கிறார், துடைப்பம் பிடிக்கிறவர் இல்லை. அங்கே இறங்க வேண்டியது இயந்திரம்.

நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 1990களில் நாம் ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். பறையைப் போட்டு உடை, இழிதொழிலை எல்லாம் விடு என்றார்கள் ஒரு பக்கம். பறைதான் நம் ஆயுதம், நம் அழகியல் என்றார்கள் இன்னொரு பக்கம். ரெண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் அடித்தவரை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் நம் மாநாட்டில் முதலில் பறை முழங்குகிறது, கை தட்டுகிறோம், அப்புறம் பேச்சாளர்கள் மேடையேறுகிறோம். அடித்தவர்கள் பந்தலுக்குப் பின்னால் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறார்கள். போக்குவரத்துச் செலவுக்கு அமைப்பாளரைத் தேடி அலைகிறார்கள். நான் நடத்திய கூட்டத்திலேயே நடந்திருக்கிறது.

இன்னொன்று, கசப்பானது. தோல் நாற்றத்தைச் சொல்லி எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் ஊர்த் தெருவில் மட்டும் இல்லை, பக்கத்துச் சேரியிலும் இருந்தார்கள். 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது தோழர்கள் சிலருக்கே முகம் சுருங்கியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் அது செல்லும் என்ற பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. ஊசி பிடித்தவனுக்கும் பறை பிடித்தவனுக்கும் நடுவே யார் கோடு போட்டார்கள் என்று வகுப்பெடுக்கிறோம். அந்தக் கோட்டின் மேல் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

மாணவத் தோழருக்கு:

வெக்கமில்லை. இன்றைக்கும் என் பை கிழிந்தால் நானே தைக்கிறேன், தையலை நகத்தால் கீறிப் பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்குக் கடன் வேண்டும், வெயிலுக்கு ஒரு கூரை வேண்டும், நகராட்சிக்காரர்கள் சாக்கைத் தூக்கி எறியாமல் இருக்க ஒரு இடம் வேண்டும். அவர் வயதுக்குக் கைவினைத் திட்டத்தில் விண்ணப்பம் போடலாம். தாளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அது அவர் உழைப்புக்கு வரவேண்டிய பாக்கி. ஆனால் உங்கள் பெயரை அதில் எழுதாதீர்கள். ஊசி பிடிக்க அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அது உங்கள் வீட்டுச் சமாச்சாரம், அரசாங்கத்துக்கு அதில் வேலை இல்லை. ஒரு கவுண்டர் வீட்டுப் பையனோ ஐயர் வீட்டுப் பையனோ வந்து கேட்டால் அவருக்கும் உங்கள் அப்பா சொல்லிக்கொடுக்கட்டும், கூலி வாங்கிக்கொண்டு.

அடுத்த பயிலரங்குக்கு உங்கள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். முதல் அமர்வு அவருடையது. தோலைப் பற்றி, ஊசியைப் பற்றி, பேருந்து நிலையத்தைப் பற்றி அவர் இஷ்டத்துக்குப் பேசட்டும். பேச்சாளர்களுக்கு என்ன கொடுக்கிறோமோ அதே தொகை அவருக்கும், அதே பந்தி. ஒரு நாள் கூலி போகிறதே என்று அவர் தயங்கினால் அதையும் குழு பார்த்துக்கொள்ளும்.

மற்ற தோழர்களும் அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். என்ன வேலை செய்தார்கள், யார் கற்றுக்கொடுத்தது, கூலியாக என்ன அளந்தார்கள், எதை ஒளித்துவைத்தார்கள். பாட்டிகளை முதலில் கேளுங்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போடலாமா கூடாதா என்பதை மட்டும் அவர்களிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.